அங்கீகரிக்கப்பட்ட முட்டை

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருந்த தினேஸ்வரிக்கு ஒரு விளையாட்டு வீரர் தேவைப்பட்டார். கல்யாணத்துக்கு இல்லை. கல்யாணம் என்றால் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் நாலு பேர் சாதகம் கேட்டுவிடுவார்கள். இது படிப்புக்கு. ஓடுகிறவர்கள், பந்து உதைக்கிறவர்கள், பாரம் தூக்குகிறவர்கள் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லும் விளையாட்டு உணவியல் நிபுணராக வேண்டுமானால், முதுகலைப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு வீரரை வைத்துப் பயிற்சி செய்து காட்ட வேண்டும். அவள் படித்த கழகத்தில் எல்லாம் இருந்தது. வீரர்தான் இல்லை.

கழகத்தின் பெயர் கிந்தா விளையாட்டு உணவியல் உயர்கழகம். சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில், வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களாவில் அது நடந்தது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனை போய் வரிசை வீடுகள் வந்த பிறகும் பங்களா மட்டும் அசையாமல் நின்றது. வாசலில் ஓடுகிற மனிதனின் சிலை. ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் கோதுமைக் கதிர். கிந்தா வட்டாரத்தில் யார் கோதுமை விதைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் மாணவர்களும் ஊழியர்களும் புல்வெளியில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். "நான் உண்பது ருசிக்காக அல்ல, இலக்குக்காக" என்று தொடங்கும் அந்த உறுதிமொழியை இயக்குநர், அரசர் தந்த டத்தோ பட்டம் பெற்ற டாக்டர் உடையப்பன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப், பால் தளும்பத் தேத்தண்ணீர். அத்தோடு அன்றைக்கு வகுப்பு கிடையாது, ஏனென்றால் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிடும். தினேஸ்வரியின் அம்மா நவமணி அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். மகள் இதைச் சொன்னபோது அவள் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பெரட்டுன்னு சொல்லு. எங்க காலத்துல வரிசையில நிக்க வச்சு பேரு கூப்புடுற பெரட்டு முடிஞ்சா வேலைக்காவது போவோம்" என்றாள்.

இந்தப் படிப்பின்மேல் தினேஸ்வரிக்கு ஆசை வந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன் பவித்ரன். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவன் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்துக்கே முதலாவது. ஈப்போவில் நடந்த மாநிலப் போட்டிக்கு முன், வயிறு காலியாக இருந்தால்தான் கால் பறக்கும் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, முதல் நாள் மாலையிலிருந்து கட்டங்காப்பியையும் நாலு பிஸ்கட்டையும் தவிர வேறு எதுவும் தொடாமல் போனான். கடைசிச் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தவன், வளைவில் திரும்பும்போது கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்த தினேஸ்வரி அப்போது சின்னப் பிள்ளை. எழுந்திருண்ணே, எழுந்திருண்ணே என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதன்பிறகு பவித்ரன் ஓடவில்லை. இப்போது லோரி டயர் கடையில் வேலை, டயர்தான் ஓடுகிறது.

என்ன சாப்பிட வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. அந்த ஒருத்தராக ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உணவியலில் பட்டம் வாங்கி, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் தட்டைச் சரிபார்த்துச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு, இரண்டு ஆண்டுப் படிப்பு என்று நம்பிக் கழகத்தில் சேர்ந்தாள். இது மூன்றாவது ஆண்டு.

முதல் ஆண்டு கழகமே அவளுக்கு ஒரு வீரரைக் கொடுத்தது. மூடப்பட்ட துணிக்கடை ஒன்றிலிருந்து வந்த ஆளுயரப் பொம்மை அது. அரைக்கால் சட்டை போட்டு, நெற்றியில் பட்டை கட்டி, சாம்பியன் என்று பெயரும் வைத்திருந்தார்கள். தினேஸ்வரி அதன் உயரத்தை அளந்தாள், எடையை நிறுத்தாள், காலை உணவு, பயிற்சிக்கு முந்திய உணவு, பிந்திய உணவு என்று மூன்று மாதத்துக்குத் திட்டம் எழுதினாள். முடிவில் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் லக்ஷ்மிப்ரியா பொம்மையை மறுபடி நிறுத்துப் பார்த்தார். எடை அப்படியே இருந்தது. திட்டத்தால் வீரரிடம் எந்த முன்னேற்றமும் இல்லை என்று குறித்துக்கொண்டார்.

"டாக்டர், அது பொம்மை" என்றாள் தினேஸ்வரி.

"ஒரு நல்ல நிபுணர் தன் தோல்விக்கு வீரரைக் குறை சொல்ல மாட்டார்" என்றார் லக்ஷ்மிப்ரியா.

இரண்டாம் ஆண்டு டத்தோ உடையப்பனே பெருந்தன்மையோடு முன்வந்தார். அவர் கோல்ஃப் ஆடுகிறவர். வண்டியில் ஏறிப் பந்து கிடக்கும் இடம்வரை போவார், இறங்கி அடிப்பார், மறுபடி ஏறுவார். ஏறி இறங்குவதுதான் அந்த விளையாட்டின் கடினமான பகுதி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் அவர் சாப்பிட்டதை எல்லாம் தினேஸ்வரி ஒன்றுவிடாமல் எழுதினாள். விவரம் தெரிந்த பெண்ணாக இருந்தால் பாதியில் எழுதுவதை நிறுத்தியிருப்பாள். காலையில் குழம்பு ஊற்றிய கறி மீ நூடுல்ஸ், பத்து மணிக்கு ரொட்டி சானாய், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி கறி மீ என்று அவள் எழுதிக் கொடுத்த தாளைக் கழகத்தின் தேர்வுக் கமிட்டி நீண்ட நேரம் ஆராய்ந்தது. இவ்வளவு சாப்பிடுகிற ஒருவர் விளையாட்டு உணவியல் கழகத்துக்கு இயக்குநராக இருக்க வாய்ப்பில்லை, ஆகவே தரவு பிழையானது என்று தீர்ப்பு வந்தது.

தங்கை படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு பவித்ரனால் சும்மா இருக்க முடியவில்லை. படிப்பில் உதவ அவனுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தான். முதல் ஆண்டு, பாப்பா பாஸாகணும் என்று வேண்டிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தான். பொம்மையின் எடை கூடவில்லை. இரண்டாம் ஆண்டு தோள் காவடி. டத்தோவின் எடை மட்டும் கூடியது. இந்த மூன்றாம் ஆண்டு மயிலிறகு வைத்த பெரிய காவடிக்குச் சொல்லிவிட்டு விரதத்தைத் தொடங்கினான். கழகம் ஒன்றைச் சேர்த்தால் அவனும் ஒன்றைச் சேர்த்தான். யார் முதலில் களைத்துப்போவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

இந்த ஆண்டு அவள் பாஸாகியே ஆக வேண்டியிருந்தது. ஈப்போவில் பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஒரு விளையாட்டுப் பள்ளி, விடுதிச் சமையலைப் பார்த்துக்கொள்ள ஒரு நிபுணரைத் தேடியது. தலைமையாசிரியை அவளிடம் பேசிவிட்டு, தைப்பூசம் முடிகிற வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். சான்றிதழோடு வரவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அந்தப் பள்ளிக்கு அவள் ஒருமுறை போயிருந்தாள். மாலைப் பயிற்சிக்கு முன் பிள்ளைகள் பாக்கெட் மீ நூடுல்ஸை உடைத்து, வேகவைக்காமலே தூளைத் தூவி மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அவளால் சாப்பிட முடியவில்லை.

விரதம் தொடங்கிய வாரத்தில், தைப்பூசத்தை ஒட்டி இரண்டு நாள் விடுமுறை கேட்கக் கமிட்டியின் முன் போனாள். விடுமுறைக்கும் கமிட்டி உண்டு. அண்ணன் காவடி எடுக்கிறார், கூட நடக்க வேண்டும் என்று சொன்னாள். கறிபாப்பின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்த டத்தோ தலையைத் தூக்கினார்.

"எத்தனை கிலோ?"

முப்பதுக்கு மேல் இருக்கும் என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டார். புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கோவில் வரைக்கும் என்றாள். தயாரிப்புக் காலம் என்று கேட்டார். ஒரு மண்டலம் என்றாள். டத்தோ கறிபாப்பைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"டாக்டர், நமக்கு அத்லெட் கிடைச்சிட்டார்" என்றார் லக்ஷ்மிப்ரியாவிடம்.

அன்றைக்கே பவித்ரனைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பாரம் சுமந்த நெடுநடை, ஆண்கள், தனிநபர் என்று பிரிவும் கொடுத்தார்கள். காட்டிய இடத்தில் தினேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். உண்மையில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன சாப்பிட வேண்டும் என்று அண்ணனுக்கு ஒருத்தர் சொல்லும் நாள் கடைசியில் வந்துவிட்டது, அந்த ஒருத்தர் தான்தான் என்று நினைத்தபோது கண்ணில் நீர் கட்டியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் லக்ஷ்மிப்ரியா அங்கீகரிக்கப்பட்ட உணவுப் பட்டியலை நீட்டினார்.

பட்டியல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. வான்கோழி நெஞ்சுக்கறி இருந்தது, சால்மன் மீன் இருந்தது. சோறு இல்லை. பயிற்சிக் காலத்தில் வீரருக்கு மாமிசப் புரதம் கட்டாயம், குறைந்தபட்சம் முட்டை என்று கீழே கோடு போட்டிருந்தார்கள். விரதத்தில் முட்டை ஆகாதே என்றாள் தினேஸ்வரி.

"இந்த விரத உணவை யார் பரிந்துரைத்தது?" என்று கேட்டார் லக்ஷ்மிப்ரியா.

"யாரும் இல்ல டாக்டர். முருகனுக்கு வேண்டிக்கிட்டது."

லக்ஷ்மிப்ரியா எழுதிக்கொண்டார். "பரிந்துரைத்தவர், முருகன். பதிவு எண்?"

தினேஸ்வரி அவருடைய நெற்றியைப் பார்த்தாள். விபூதிக் கீற்று இருந்தது. லக்ஷ்மிப்ரியாவும் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா தினேஸ்வரி? நானே வருஷா வருஷம் சஷ்டி விரதம் இருக்கேன். ஆனா கமிட்டிக்குத் தெரியாதே."

கமிட்டி என்பது மூன்று பேர். ஒருவர் லக்ஷ்மிப்ரியா. இன்னொருவர் டத்தோ உடையப்பன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குடும்பத்தின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர். மூன்றாவது ஒரு நாற்காலி. அதில் உட்கார வேண்டிய அனைத்துலக நிபுணரைக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, கமிட்டியில் விரதம் தெரியாதது அந்த நாற்காலிக்கு மட்டும்தான். ஆனால் சட்டப்படி அதுவும் ஓர் உறுப்பினர்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். பவித்ரன் வேலை முடிந்து குளித்து, விபூதி பூசி, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டயரில் ஓட்டை எங்கே என்று தேடுகிறவன்போல யோசித்தான்.

"நான் முட்டை தின்னா நீ பாஸு."

"ஆமாண்ணே."

"நான் எதுக்கு வெரதம் இருக்கேன்?"

"நான் பாஸாகத்தான்."

"அப்ப முட்டை தின்னா வெரதம் ஒடஞ்சிரும். வெரதம் ஒடஞ்சா நீ பாஸாக மாட்ட. ஆனா முட்டை தின்னாத்தான் நீ பாஸு." விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். எந்த விரலில் நின்றாலும் கணக்கு இடித்தது. "ரொம்ப சூசா லா இது, கஷ்டம்" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டுவிடுகிறேன், சாமி கோபித்தால் என்னைத்தானே கோபிக்கும் என்று அவனே சொன்னான். தினேஸ்வரி பதில் சொல்லுமுன் நவமணி அடுப்படியிலிருந்து வந்தாள். முட்டை இந்த வீட்டு வாசப்படி ஏறினால் தான் இறங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு, மகனுக்கு ரசம் ஊற்றினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தினேஸ்வரி தன் வேலையைச் செய்தாள். விரதத்தையும் உடைக்காமல் உடம்பையும் உடைக்காமல் ஒரு திட்டம் போட்டாள். காவடி நாள்வரைக்கும் பவித்ரனின் தோளும் தொடையும் என்ன கேட்கும் என்று கணக்குப் பார்த்தாள். முளைகட்டிய பச்சைப்பயறு, பாசாரில் சீனத்தி கடையில் அன்றன்றைக்கு எடுத்த தௌபூ என்னும் சோயாக்கட்டி, வேர்க்கடலை, பால், தயிர், வாழைப்பழம். ஒருவேளைச் சாப்பாட்டிலும், விரதத்துக்கு ஒத்துக்கொள்ளும் பால் பழத்திலும் எல்லாவற்றையும் அடக்கினாள். சாயங்காலம் டயர் கடையிலிருந்து அவன் நடந்தே வீடு வந்தான். தோளில் மணல் மூட்டை, பின்னால் மோட்டார் சைக்கிளில் அவள். முந்திய வருஷங்களில் விரதம் பாதியைத் தாண்டும்போது அவன் கன்னம் ஒட்டிவிடும். இந்த வருஷம் கடையில் லோரி டயரைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து அதை அவளிடம் சொன்னான். தான் இந்த வேலைக்காகத்தான் பிறந்தவள் என்று தினேஸ்வரிக்கு முதல்முறையாகச் சந்தேகம் இல்லாமல் தெரிந்தது.

கழகத்துக்குத்தான் தெரியவில்லை. பச்சைப்பயறு பட்டியலில் இல்லை. தௌபூவும் இல்லை. வீரர் நன்றாக இருக்கிறாரே என்று அவள் சொன்னதற்கு, அது வீரரின் சொந்தக் கருத்து என்றார்கள். கடைசியில் டத்தோ ஒரு வழி கண்டுபிடித்தார். வீரர் முட்டையைச் சாப்பிடத்தான் வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. நிபுணர் முட்டையை வழங்க வேண்டும் என்பதுதான் விதி. வழங்குவது நம் கடமை, விழுங்குவது அவர் உரிமை. ஆகவே தைப்பூசத்தன்று கமிட்டி நேரில் வரும். காவடி தண்ணீர்ப் பந்தலைக் கடக்கும்போது தினேஸ்வரி டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை வீரரின் முன் காட்ட வேண்டும். அவர் தலையசைத்து மறுத்தாலும் போதும், அவள் பாஸ்.

"சாமி போற ரோட்லயா டத்தோ?" என்று கேட்டாள்.

"ரோடு நகராட்சிக்குச் சொந்தம்" என்றார் டத்தோ.

பவித்ரனுக்கு இந்தத் தீர்வு பிடித்திருந்தது. "செனாங்தானே, லேசு. நீ தொறந்து காட்டு, நான் வேணாம்னு தலையாட்டுறேன். நீ பாஸு, நானும் வெரதம். போலாம்" என்றான். நவமணியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தைப்பூசத்தன்று வெயில் ஏறுவதற்கு முன்பே கமிட்டி புந்தோங் ரோட்டோரம் வந்துவிட்டது. டத்தோவின் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கழகத்தின் பந்தல். எங்கள் முதல் அத்லெட் என்று பெரிய பதாகை. மூன்றாவது உறுப்பினருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கூட்டத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார்கள். மோர் வாங்க வந்தவர்களைப் பார்த்து டத்தோ ஒரு கையில் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார்.

"விளையாட்டு என்றால் என்ன? வியர்வை. வியர்வை என்றால் என்ன? இழப்பு. அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் நாங்கள் இருக்கிறோம். இந்தப் பக்தர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். இது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்" என்றார்.

ஒரு கிழவர் மோர்க் குவளையை வைத்துவிட்டு, நினைத்துப் பார்த்தபடி நடந்து போனார்.

தினேஸ்வரி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லக்ஷ்மிப்ரியா காலையில் அவள் கையில் அதைக் கொடுத்தபோது தன் கை அதில் படாமலிருக்கக் கைக்குட்டை சுற்றியிருந்தார். பந்தலுக்குச் சற்று முன்னால் ரோடு வளைந்து திரும்பியது. தினேஸ்வரியின் கண் அந்த வளைவிலேயே இருந்தது. உறுமி மேளச் சத்தம் முதலில் வந்தது. பிறகு மயிலிறகுகள் வந்தன. அவற்றுக்குக் கீழே பவித்ரன். உதடு காய்ந்திருந்தது, மஞ்சள் வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நவமணி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். வளைவில் அவன் கால் வைத்தான். தன்னையறியாமல், எழுந்திருண்ணே என்று தினேஸ்வரியின் உதடு முணுமுணுத்தது.

அவன் விழவே இல்லை. கால் தடுமாறவும் இல்லை. வளைவைச் சுற்றிக்கொண்டு, தோளில் அத்தனை பாரத்தோடு, அவளை நோக்கி வந்தான். அந்தக் கால்களில் ஓடிக்கொண்டிருந்தது அவள் ஊறவைத்த பயறு, அவள் அளந்து ஊற்றிய பால். இத்தனை வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது இதுதான்.

பந்தலுக்கு முன் வந்து அவன் நின்றான். நவமணி குனிந்து அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பவித்ரன் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தலையசைப்பதற்குத் தயாராகக் காத்திருந்தான். டத்தோ திற என்று கைகாட்டினார். லக்ஷ்மிப்ரியா பேனாவின் மூடியைக் கழற்றினார். தினேஸ்வரியின் கட்டைவிரல் டப்பாவின் மூடியில் இருந்தது. கொஞ்சம் நெம்பினால் போதும். விடுதிப் பிள்ளைகள், தலைமையாசிரியை, மூன்று வருஷம் எல்லாம் அந்த மூடிக்குள் இருந்தன. அவளால் முடியவில்லை.

"போண்ணே" என்றாள்.

அவன் புரியாமல் இன்னும் ஒரு கணம் நின்றான். பிறகு மேளக்காரர்கள் தாளத்தை மாற்ற, காவடி ஒரு சுற்றுச் சுற்றி, கோவிலை நோக்கிப் போய்விட்டது. முட்டை கழகத்தின் சொத்து என்பதால் லக்ஷ்மிப்ரியா மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

முடிவை டத்தோ திங்கட்கிழமை உறுதிமொழிக்குப் பிறகு புல்வெளியில் அறிவித்தார். வீரர் மிகச் சிறப்பான தேர்ச்சி. பாரம், தூரம், வேகம் எல்லாவற்றிலும் கழகத்தின் சாதனை. நிபுணர் தேர்ச்சி பெறவில்லை, ஏனென்றால் வீரரின் வெற்றியில் முட்டைக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. பிறகு குரல் கனிந்தது.

"தினேஸ்வரி மனம் தளரக் கூடாது. இந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட இங்கே பாஸ் ஆனதில்லை. ஏன்? தரம். பாஸ் பண்ணி வெளியே அனுப்பினால் யாராவது எங்கேயாவது தப்புச் செய்துவிடுவார்கள், கழகத்தின் பெயர் கெட்டுவிடும். இன்றுவரை எங்கள் பட்டதாரி யாரும் ஒரு சின்னத் தப்புக்கூடச் செய்ததில்லை. நாட்டில் வேறு எந்தக் கழகத்தால் இப்படிச் சொல்ல முடியும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். கறிபாப் சூடாக இருந்தது.

மாதம் முடிவதற்குள் கழகத்தின் புதிய விளம்பரத் தாளில் காவடியோடு பவித்ரன் வந்துவிட்டான். விளையாட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை வருத்தத்தோடு தொலைபேசியில் பேசினார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவும் இல்லை. சான்றிதழ் உள்ளவர் யாரும் அகப்படவில்லையாம். பிள்ளைகள் இன்னும் பாக்கெட் மீயைத்தான் மென்றுவிட்டு ஓடுகிறார்கள் என்பது தினேஸ்வரிக்குத் தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் அவள் வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போனாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. கோலாலம்பூர்ப் பக்கம் இதே படிப்பைச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. ஆனால் இங்கே பதிவு இருக்கும்வரை அங்கே சேர முடியாது. ஆகவே விலகிக்கொள்வதாகச் சொல்லக் கழகத்தின் முகப்புக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தர் கலாதேவி நல்ல மனுஷி. அவள் முகத்தைப் பார்த்ததுமே உட்காரச் சொன்னாள்.

"விலகுறதுக்கும் கமிட்டி இருக்குமா. வருஷத்துக்கு ஒருதரம்தான் கூடும். தை மாசத்துல."

"அந்தக் கமிட்டியில யாரு இருக்காங்கக்கா?"

"அதே மூணு பேருதான். ஒருத்தரு இன்னும் வரல."

அதுவரைக்கும் அண்ணனின் பெயரும் பதிவேட்டில் அத்லெட் என்றுதான் இருக்கும், பயிற்சியில் இருக்கும் வீரரை நிபுணர் பாதியில் கைவிட்டால் விலகல் செல்லாது என்றும் கலாதேவி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. இரண்டு கறிபாப்பைக் காகிதத்தில் சுற்றி, தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோ என்று கையில் கொடுத்தாள். அந்தக் கழகத்திலிருந்து தினேஸ்வரி பெற்றுக்கொண்டு வெளியே வந்தது அதுதான்.

கார்த்திகை கழிந்ததும் பவித்ரன் மாலை போட்டுக்கொண்டான். சென்ற வருஷத்தைவிடப் பெரிய காவடிக்குச் சொல்லியிருந்தான். தோள்பட்டையில் வலி இருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னானாம். வேண்டாம்ணே, போதும் என்று தினேஸ்வரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வருஷமும் நான் பாஸாகணும்னா வேண்டியிருக்க?" என்று கேட்டாள்.

பவித்ரன் இல்லை என்று தலையசைத்தான். முட்டைக்காக வைத்திருந்த தலையசைப்பு அது.

"மூணு வருஷம் பாஸாக்கி விடுன்னு கேட்டாச்சு. அது முருகனுக்கே முடியல போல, பாவம். இந்தத் தடவ, கழகத்துக்கிட்ட எந்தங்கச்சிய விட்ரச் சொல்லுன்னு கேக்குறேன் லா."

நவமணி விளக்கேற்றினாள். தினேஸ்வரி அடுப்படிக்குப் போய்ப் பச்சைப்பயறு டின்னைத் திறந்தாள். அண்ணனின் தோளுக்கும் தொடைக்கும் நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு இன்னும் தகுதி வரவில்லை. அளந்து போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.